கணினியை எங்கள் பக்கம் திருப்பிய கிரேஸ் ஹொப்பர்

ஒரு கதவைத் திறக்க முடியாமல் பத்துப் பேர் திண்டாடினால் அந்தப் பத்துப் பேரையும் குறை சொல்வோமா, கதவைச் செய்த தச்சனிடம் போய்க் கேட்போமா? தச்சனைத்தான் கேட்போம். ஆனால் கணினி என்று வந்துவிட்டால் எங்கள் நியாயம் தலைகீழாகிவிடுகிறது. மென்பொருள் விளங்காவிட்டால் எங்களுக்கு மூளை போதாது என்று நாங்களே முடிவு செய்துவிடுகிறோம். அதைச் செய்தவர் சரியாகச் செய்தாரா என்று கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்ட ஒரு பெண்மணி இருந்தார். அவர் பெயர் கிரேஸ் ஹொப்பர். கணித ஆசிரியை, கடற்படை அதிகாரி, செய்நிரலாளர் என மூன்று வாழ்க்கைகளை ஒரே வாழ்க்கையில் வாழ்ந்தவர். கணினியின் வேகத்தைக் கூட்டவும் அதன் பருமனைக் குறைக்கவும் பலர் உழைத்த காலத்தில், அதைப் பாவிக்கும் மனிதருக்கு அது விளங்க வேண்டும் என்பதற்காக உழைத்தவர். உயர்தர வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவி என்ற வகையில் அவரைப் பற்றி நான் தேடி வாசித்தவற்றை எங்கள் கல்லூரித் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஏழு கடிகாரங்கள்

கிரேஸ் 1906 டிசம்பர் 9 ஆம் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது எலார்ம் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய ஆசைப்பட்டார். ஒன்றைக் கழற்றினார். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. அதை அறிய இன்னொன்றைக் கழற்றினார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் பாகம் பாகமாகிவிட்டன. தாயார் விடயத்தை அறிந்தபோது அந்த ஆசையை அடக்கிவிடவில்லை. இனிமேல் ஒரேயொரு கடிகாரத்தை மட்டும் வைத்து ஆராயலாம் என்று எல்லை போட்டார். அந்தத் தாயின் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

தாயாருக்குக் கணிதத்தில் மிகுந்த விருப்பம். ஆனால் அவருடைய இளமைக் காலத்தில் பெண்கள் கணிதத்தில் முன்னேற வழி இருக்கவில்லை. தந்தையார் காப்புறுதித் துறையில் இருந்தவர். நோயினால் இரண்டு கால்களையும் இழந்தவர். ஆண்பிள்ளைக்குக் கிடைக்கும் கல்வி பெண்பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பெண்ணும் தன் காலில் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணினார்.

கிரேஸ் எடுத்த எடுப்பில் வென்றவர் அல்லர். பதினாறு வயதில் வாசார் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது இலத்தீன் பாடத்தில் புள்ளி போதாமல் அனுமதி மறுக்கப்பட்டது. மறு வருடம் அனுமதி கிடைத்தது. அன்றைய வாசார், எங்கள் கல்லூரியைப் போலப் பெண்களுக்கு மட்டுமான கல்லூரி. அங்கே கணிதமும் பௌதிகவியலும் கற்று 1928 இல் பட்டம் பெற்றார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் 1930 இல் முதுமாணிப் பட்டமும் 1934 இல் கணிதத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 1930 இல் வின்சென்ற் ஹொப்பர் என்பவரை மணந்ததால் கிரேஸ் மறே என்ற பெயர் கிரேஸ் ஹொப்பர் ஆனது. அந்த மணவாழ்வு 1945 இல் முடிவடைந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கணித வகுப்பில் கட்டுரை

1931 முதல் வாசார் கல்லூரியிலேயே அவர் கணிதம் கற்பித்தார். அவருடைய வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கணிதச் சூத்திரத்தை விளக்கிய பிறகு, அதைப் பற்றிக் கட்டுரை எழுதும்படி மாணவிகளிடம் சொல்வார். எழுதியதைத் திருத்தி, தெளிவில்லாத இடங்களையும் மொழிப் பிழைகளையும் குறித்துத் திருப்பிக் கொடுப்பார். இது கணித வகுப்பா, மொழி வகுப்பா என்று மாணவிகள் முறையிட்டார்கள். தெரிந்ததை மற்றவருக்கு விளங்கச் சொல்ல முடியாவிட்டால் அந்தக் கணிதத்தைக் கற்றுப் பயனில்லை என்பது அவருடைய பதில்.

பிற்காலத்தில் அவர் செய்த பெரிய வேலைகளுக்கெல்லாம் விதை இந்த வகுப்பறையில்தான் விழுந்தது என்று நான் நினைக்கிறேன். தனக்கு விளங்கியது போதாது, எதிரில் இருப்பவருக்கும் விளங்க வேண்டும் என்ற எண்ணம் ஓர் ஆசிரியைக்குரியது. அந்த எண்ணத்தோடுதான் அவர் கணினி அறைக்குள் நுழைந்தார்.

ஐம்பத்தோரடி நீள இயந்திரம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது கிரேஸ் கடற்படையில் சேர விரும்பினார். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. உடல் நிறையும் கடற்படை எதிர்பார்த்ததைவிட சுமார் 15 இறாத்தல் குறைவு. கணிதப் பேராசிரியர்கள் கற்பித்தலிலேயே நாட்டுக்குப் பயன்படுவார்கள் என்றும் சொல்லப்பட்டது. ஆனாலும் அவர் விடவில்லை. விசேட அனுமதி பெற்று 1943 டிசம்பரில் கடற்படையின் சேமப் படையில் சேர்ந்தார். பயிற்சியில் முதலாம் இடம் பெற்று, 1944 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த கணிப்புத் திட்டத்துக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே அவரை வரவேற்றது மார்க் 1 என்ற இயந்திரம். நீளம் 51 அடி, எடை சுமார் 5 தொன். ஒரு செக்கனில் மூன்று கூட்டல்களைச் செய்யும். இன்று எங்கள் கைப்பையில் கிடக்கும் கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கோ அது அதிசயம். அதற்கான கட்டளைகள் கடதாசி நாடாவில் துளைகளாக இடப்பட்டன. ஒரு துளை இடம் மாறினாலும் விடை பிழைத்துவிடும்.

திட்டத்தின் தலைவர் ஹொவார்ட் ஐக்கன், இந்த இயந்திரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதும்படி கிரேஸைப் பணித்தார். நூல் எழுதிப் பழக்கமில்லையே என்று அவர் தயங்கினார். கடற்படையில் தயக்கத்துக்கு இடமில்லை. எனவே எழுதத் தொடங்கினார். அன்றன்று எழுதிய பக்கங்களை ஐக்கனுக்கு வாசித்துக் காட்டித் திருத்தினார். 1946 இல் 561 பக்கங்களோடு அந்தக் கைந்நூல் வெளிவந்தது. புதிதாக வரும் ஒருவர் இயந்திரத்தை எப்படி இயக்குவது, கணக்கை எப்படிக் கட்டளைகளாக மாற்றுவது என்பதெல்லாம் அதில் இருந்தன. கணினிக்கான செய்நிரலாக்கத்தை விரிவாக விளக்கிய முதல் நூல்களில் அது ஒன்று.

கிரேஸ் ஹொப்பர் என்றதும் பலருக்கு நினைவு வருவது அந்துப்பூச்சிக் கதை. 1947 இல் ஹாவர்டின் மார்க் 2 கணினி கோளாறு செய்தது. தேடிப் பார்த்தபோது ரிலே ஒன்றுக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவுப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்கள். கணினிப் பிழைக்குப் ‘பக்’, அதாவது பூச்சி, என்ற பெயரை அவரே வைத்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பொறியியலாளர்கள் அதற்கு முன்பே அந்தச் சொல்லைப் பாவித்தார்கள். பூச்சியைக் கண்டெடுத்தவரும் அவரல்லர். அவர் செய்தது, அந்தக் கதையை ஆயுள் முழுவதும் சுவையாகச் சொல்லிப் பரப்பியதுதான். பூச்சி ஒட்டிய அந்தப் புத்தகம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூதனசாலையில் இருக்கிறது.

வங்கிக் கணக்கில் வந்த பிழை

போர் முடிந்ததும் வாசார் கல்லூரி அவரைத் திரும்ப அழைத்தது. நிரந்தரமான, கௌரவமான பேராசிரியர் வேலை. அதை விட்டுவிட்டு அவர் கணினியின் பக்கமே நின்றார். 1949 இல் பிலடெல்பியா நகரில் எக்கர்ட், மோக்லி என்ற இருவர் நடத்திய சிறிய நிறுவனத்தில் சேர்ந்தார். யுனிவக் என்ற புகழ்பெற்ற வணிகக் கணினி அங்கேதான் உருவானது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனத்தை ரெமிங்டன் ராண்ட் வாங்கியது.

அந்நிறுவனத்தின் முதற் கணினிக்குக் கட்டளை எழுத எண்ம எண் முறைமை தேவைப்பட்டது. எங்கள் பாடத்திலும் இது வருகிறது. 0 முதல் 7 வரையான இலக்கங்கள் மட்டுமே உள்ள முறைமை அது. அதில் 13 இலிருந்து 5 ஐக் கழித்தால் 8 வராது, 6 வரும். கிரேஸ் அதில் ஊறித் திளைத்துவிட்டார். சில மாதங்களில் அவருடைய வங்கிக் கணக்குப் புத்தகம் வங்கியின் கணக்கோடு ஒத்துவராமல் போனது. வங்கியில் வேலை செய்த தம்பியிடம் புத்தகத்தைக் கொடுத்தார். அவர் பல மாலைகள் இருந்து பார்த்துவிட்டு, அக்கா இடையிடையே எண்ம முறைமையில் கழித்திருக்கிறார் என்று கண்டுபிடித்தார்.

இதைக் கேட்டு நாங்கள் சிரிக்கலாம். கிரேஸும் சிரித்தார். ஆனால் அதோடு நிற்காமல் ஒரு கேள்வி கேட்டார். கணினிக்காக மனிதர் தன் மூளையை வளைத்துக்கொள்ள வேண்டுமா? மனிதருக்காகக் கணினியை வளைக்கக் கூடாதா?

இன்னொரு தொல்லையும் இருந்தது. அடிக்கடி தேவைப்படும் கணிப்புத் துண்டுகளைச் செய்நிரலாளர்கள் குறிப்புப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். தேவை வரும்போது ஒருவர் புத்தகத்தைப் பார்த்து மற்றவர் கையால் பிரதி செய்வார். பிரதி செய்யும்போது இலக்கங்கள் மாறும். இடத்துக்கு ஏற்ப எண்களைக் கூட்டி எழுதும்போது கூட்டலும் பிழைக்கும். கணிதம் படித்தவர்களே இப்படிப் பிழை விட்டார்கள். அவர்கள் கவனமற்றவர்கள் என்று கிரேஸ் முடிவு செய்யவில்லை. பிரதி செய்வதும் கூட்டுவதும் மனிதர் சலிக்கும் வேலை, கணினி சலிக்காத வேலை. அப்படியானால் அதைக் கணினியிடமே கொடுத்துவிடலாமே என்று யோசித்தார்.

இதை ஒரு சமையல் குறிப்போடு ஒப்பிடலாம். பிரியாணிக் குறிப்பில் இஞ்சி உள்ளி அரைப்பதையும், மசாலா வறுப்பதையும், சோறு வடிப்பதையும் ஒவ்வொரு தடவையும் முழுமையாக எழுத வேண்டியதில்லை. மசாலாவுக்கு 12 ஆம் குறிப்பு, சோற்றுக்கு 20 ஆம் குறிப்பு என்று எழுதினால் போதும். அந்தக் குறிப்புகளை எடுத்து, உரிய இடங்களில் சேர்த்து, முழுச் செய்முறையை ஒழுங்காக எழுதித் தரும் ஓர் உதவியாளர் இருந்தால் எப்படி இருக்கும்? கிரேஸ் உருவாக்கிய உதவியாளர் அப்படிப்பட்டது. துண்டுகளின் அழைப்பு இலக்கங்களை மட்டும் கொடுத்தால், கணினியே நாடாவிலிருந்து அவற்றைத் தேடி எடுத்துத் தொகுத்து முழுச் செய்நிரலை ஆக்கியது. 1952 அளவில் இயங்கத் தொடங்கிய அதன் பெயர் ஏ-0. தொகுப்பான், அதாவது கொம்பைலர், என்று நாங்கள் இன்று படிக்கும் விடயத்தின் ஆரம்பம் அது.

அது வேலை செய்தது. ஆனால் ஏற்றுக்கொள்வார் இல்லை. கணினி கணக்குத்தான் செய்யும், செய்நிரல் எழுதாது என்று சொன்னார்கள். கடினமான குறியீடுகளைக் கற்றுத் தேர்ந்தவர்களுக்கு அது இலகுவாவதில் விருப்பம் இருக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என எனக்குத் தோன்றுகிறது. தான் பட்ட கஷ்டத்தை அடுத்தவரும் படட்டும் என்ற எண்ணம் எல்லாத் துறைகளிலும் உண்டுதானே.

குறியீடு வேண்டாம், சொல் போதும்

அடுத்து கிரேஸ் கவனித்தது கணினியை வாங்கும் மனிதர்களை. யுனிவக்கை வாங்கிய நிறுவனங்களில் சம்பளப் பட்டியல், பொருட் கையிருப்பு, காப்புறுதிக் கணக்கு ஆகியவற்றைப் பார்ப்பவர்கள் கணிதப் பட்டதாரிகள் அல்லர். தங்கள் வேலையை அவர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் குறியீடுகளைக் கண்டால் விலகிப் போனார்கள். மனிதரில் ஒரு சாரார் குறியீடுகளோடு இலகுவாகப் பழகுவர், இன்னொரு சாரார் சொற்களோடு பழகுவர் என்பதை அவர் கண்டுகொண்டார். சொற்களோடு பழகுபவர்களைக் குறியீட்டுக்கு இழுப்பதைவிட, கணினியைச் சொற்களுக்கு இழுப்பது நல்லது என்று தீர்மானித்தார்.

சாதாரண ஆங்கிலச் சொற்களால் கணினிக்குக் கட்டளையிடலாம் என்ற யோசனையை அவர் முன்வைத்தபோது, கணினிக்கு ஆங்கிலம் தெரியாது என்று பதில் வந்தது. 1955 ஜனவரியில் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து மேலதிகாரிகளுக்கு விளக்கினார். ஆங்கிலச் சொற்களால் எழுதிய ஒரு செய்நிரலைக் காட்டினார். பிறகு அதே செய்நிரலைப் பிரெஞ்சுச் சொற்களால் காட்டினார். அதன் பின் ஜேர்மன் சொற்களால். கணினிக்கு எந்தச் சொல்லும் ஓர் அடையாளமே, எந்த மொழியானாலும் அதற்கு ஒன்றுதான் என்று விளங்கவைப்பதே அவரது நோக்கம். ஆனால் மேலதிகாரிகள் திகைத்துவிட்டார்கள். பிலடெல்பியாவில் செய்த அமெரிக்கக் கணினிக்குப் பிரெஞ்சும் ஜேர்மனும் எப்படி விளங்கும்? ஆங்கிலத்தை மட்டுமே பாவிப்போம் என்று அவர்களை நம்பவைக்க மேலும் சில மாதங்கள் எடுத்தன.

இந்த நிகழ்வைப் படித்தபோது நான் நெடுநேரம் யோசித்தேன். தமிழ்மொழி மூலம் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் எங்களுக்கு அதில் ஒரு செய்தி இருக்கிறது. கணினிக்குத் தாய்மொழி கிடையாது. அது எந்த மொழியில் பேச வேண்டும் என்பதை அதைச் செய்யும் மனிதர் தீர்மானிக்கிறார்.

அந்த முயற்சியில் பிறந்ததுதான் ஃப்ளோமற்றிக் என்ற மொழி. 1956 இன் முடிவில் யுனிவக் சுமார் 20 ஆங்கிலக் கூற்றுகளை விளங்கிக்கொண்டது. ஒப்பிடு, எழுது, நிறுத்து என்பன போன்ற எளிய கட்டளைகள் அவை. கட்டளையை வாசிக்கும் கணக்காளருக்கு அது என்ன செய்கிறது என்பது ஓரளவாவது விளங்கியது. எழுதியவரைத் தவிர வேறொருவரும் வாசித்துச் சரிபார்க்கக்கூடிய செய்நிரல் என்பது அன்று புதுமை.

உம்மாவின் மீதி

இங்கே எங்கள் வீட்டு விடயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். எனது உம்மா வீட்டிலிருந்து தையல் வேலை செய்பவர். துணியைக் கையில் எடுத்ததும் அதில் எத்தனை பிள்ளைகளுக்கு அபாயா வெட்டலாம் என்று மனக்கணக்கில் சொல்லிவிடுவார். தைக்கக் கொடுப்பவர்கள் இப்போது காசை வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். அதைப் பார்க்க வங்கியொன்றின் செயலியைக் கைத்தொலைபேசியில் தமிழில் திறந்தார். அதில் ‘சமநிலை’ என்று ஒரு சொல் இருந்தது. அது என்னவென்று உம்மாவுக்கு விளங்கவில்லை. கணக்கில் எஞ்சியிருக்கும் பணத்தைத்தான் அப்படி மொழிபெயர்த்திருந்தார்கள். கடையிலும் பஸ்ஸிலும் நாங்கள் எல்லோரும் ‘மீதி’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல். தான் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியதால்தான் இதெல்லாம் ஏறவில்லை என்று உம்மா தன்னையே நொந்துகொண்டார்.

இது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் தெருவில் பல பெண்கள் செயலி விளங்காமல் கைத்தொலைபேசியைக் கொமியுனிகேஷன் கடைக்குக் கொண்டுபோய், இரகசிய இலக்கத்தையும் சொல்லிக் காசை அனுப்புவிக்கிறார்கள். அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர். ஆனாலும் இரகசிய இலக்கம் என்பது இரகசியமாக இருப்பதற்குத்தானே? கணவர் வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் காசும், சீட்டுப் போட்டுச் சேர்த்த காசும் அந்த இலக்கத்துக்குள்தான் இருக்கின்றன. ஒரு சொல் பிழையாக அமைந்ததால் ஒரு பெண் தன் பணப்பையின் சாவியைப் பிறரிடம் கொடுக்க வேண்டி வருகிறது. கிரேஸ் ஹொப்பர் சொற்களுக்காக ஏன் அவ்வளவு போராடினார் என்பது எனக்கு நூல்களைவிட உம்மாவைப் பார்த்தபோதுதான் நன்றாக விளங்கியது.

பலர் சேர்ந்து கட்டிய மொழி

1950 களின் இறுதியில் ஒவ்வொரு நிறுவனமும் தன் கணினிக்கென ஒரு மொழியை வைத்திருந்தது. ஒரு கணினிக்கு எழுதியது மற்றதில் ஓடாது. கணினியை மாற்றினால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். இதற்கு முடிவு கட்ட, பரோஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மேரி ஹோஸ் என்ற பெண்மணி பொது மொழி ஒன்று தேவை என்று குரல் கொடுத்தார். 1959 ஏப்ரலில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டமும், மே மாதத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆதரவோடு பெரிய கூட்டமொன்றும் நடந்தன. போட்டி நிறுவனங்களின் ஆட்கள் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். அதன் பயனாகப் பிறந்தது கோபோல் என்ற மொழி.

கிரேஸைக் கோபோலின் தாய் என்று அழைப்பதுண்டு. உண்மையில் மொழியை வடிவமைத்த குழுவில் ஜீன் சமெற் உட்படப் பலர் உழைத்தார்கள். கிரேஸ் ஆலோசகராக இருந்தார். ஆனால் அந்த மொழிக்கு முக்கியமான அடித்தளம் அவரது ஃப்ளோமற்றிக்தான். சொற்களால் எழுதலாம் என்பதை ஏற்கெனவே செய்து காட்டியிருந்தவர் அவர். 1960 டிசம்பரில் ஒரே கோபோல் செய்நிரல் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓடிக் காட்டப்பட்டது. கணினியை மாற்றினாலும் உழைப்பு வீணாகாது என்பது அன்று நிரூபணமானது.

கோபோலில் குறைகளும் உண்டு. இரண்டு வரியில் முடிவதைப் பத்து வரியில் எழுதவைக்கும் மொழி என்று கணினி அறிஞர்கள் பலர் அதைக் கண்டித்தார்கள். சொற்கள் இலகுவானால் சிந்தனையும் இலகுவாகிவிடும் என்பதும் இல்லை. ஒழுங்காக யோசிக்காதவர் ஆங்கிலத்தில் எழுதினாலும் குழப்பமே மிஞ்சும். இவற்றில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வங்கிகளிலும் அரச அலுவலகங்களிலும் அந்த மொழி இன்றும் உயிரோடு இருக்கிறது. 2020 இல் கொவிட் நோய்க் காலத்தில் வேலையிழந்தோருக்கான கொடுப்பனவு முறைமை திணறியபோது, கோபோல் தெரிந்தவர்கள் உதவ வர வேண்டும் என்று அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில ஆளுநர் கேட்டுக்கொண்டார். அறுபது வருடங்களுக்கு முன் தொடங்கிய மொழிக்கு அன்றும் ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

ஆறு மாதம் இருபது வருடமானது

1966 இன் இறுதியில், அறுபது வயதில், கடற்படையின் சேமப் படையிலிருந்து கிரேஸ் ஓய்வு பெற்றார். ஆனால் கடற்படைக்குள் கோபோலே பல வடிவங்களில் சிதறிக் கிடந்தது. அதைச் சீராக்க 1967 இல் ஆறு மாதத்துக்கென்று அவரை மீண்டும் அழைத்தார்கள். அந்த ஆறு மாதம் கிட்டத்தட்ட இருபது வருடமாக நீண்டது. ஒரு தொகுப்பான் நியமப்படி வேலை செய்கிறதா என்று சோதிக்கும் செய்நிரல்களை அவருடைய குழு உருவாக்கியது. சரியாகச் செய்திருக்கிறோம் என்று விற்பவர் வாயால் சொன்னால் போதாது, சோதித்துக் காட்ட வேண்டும் என்ற நிலை வந்தது.

வயது ஏற ஏற அவருக்குள் இருந்த ஆசிரியை மேலும் வெளியே வந்தார். நாடு முழுவதும் விரிவுரை செய்தார். நனோசெக்கன் என்றால் என்ன என்பதைக் காட்டச் சுமார் முப்பது சென்ரிமீற்றர் நீளக் கம்பித் துண்டுகளைக் கொண்டுபோவார். ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லக்கூடிய தூரம் அவ்வளவுதான். அதைச் சபையோரின் கையில் கொடுத்துவிடுவார். செய்மதி வழியாகச் செய்தி போக ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கும் படைத்தளபதிகளிடமும் அந்தக் கம்பியைத்தான் காட்டுவார். அவரது அலுவலகச் சுவரில் பின்பக்கமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்று தொங்கியது. எப்போதும் இப்படித்தான் செய்தோம் என்று சொல்லி மாற்றத்தை மறுப்பவர்களுக்கு அது பதில். கடிகாரம் எந்தப் பக்கம் சுற்றினாலும், பழகிக்கொண்டால் நேரம் சரியாகத்தான் தெரியும்.

1969 இல் தரவுச் செயலாக்க முகாமையாளர்களின் சங்கம் ஒன்று கணினி விஞ்ஞானத்தில் அவ்வருடத்தின் சிறந்த ‘ஆண்மகன்’ என்ற விருதை அவருக்கு வழங்கியது! அந்த இடத்தில் ஒரு பெண் வந்து நிற்பார் என்று விருதுக்குப் பெயர் வைத்தவர்கள் எண்ணியிருக்கவில்லை போலும்.

1986 ஓகஸ்ட் 14 ஆம் திகதி, பொஸ்டன் துறைமுகத்தில் நின்ற கொன்ஸ்டிடியூஷன் என்ற பழம்பெரும் கப்பலில் வைத்து, ரியர் அட்மிரல் பதவியோடு அவர் ஓய்வு பெற்றார். அப்போது வயது 79. அந்த நேரத்தில் அமெரிக்கக் கடற்படையில் பணியிலிருந்த அதிகாரிகளில் மிக மூத்தவர் அவரே. அதன் பிறகும் வீட்டில் இருக்கவில்லை. டிஜிற்றல் என்ற கணினி நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். 1992 ஜனவரி முதலாம் திகதி தனது 85 ஆவது வயதில் காலமானார். ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கடற்படை தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹொப்பர் என்று பெயரிட்டது. 2016 இல், அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான ஜனாதிபதி சுதந்திரப் பதக்கம் அவர் மறைந்த பின் வழங்கப்பட்டது.

எங்களுக்கு அவர் விட்டுச் சென்றது

இந்த வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை மூன்று. முதலாவது, ஒரே இடத்தில் பலர் தடுக்கி விழுந்தால் வழியில்தான் பிழை. குறிப்புப் புத்தகத்தைப் பிரதி செய்தவர்களைக் கிரேஸ் திட்டவில்லை, வேலையின் முறையை மாற்றினார். இரண்டாவது, பாவிப்பவரின் சொல்லைத் தேடிப் போக வேண்டும். வணிகர் எந்தச் சொல்லால் தன் வேலையைப் பேசுகிறாரோ அந்தச் சொல்லை அவர் கணினிக்குள் கொண்டுபோனார். மூன்றாவது, செய்து காட்ட வேண்டும். முடியாது என்று சொன்னவர்களோடு அவர் வாதிட்டுக் களைக்கவில்லை. சிறிய மாதிரியோடு போய் நின்றார்.

தோழியரே, மென்பொருள் துறை என்றால் வேகமாகக் கோட் எழுதுபவர்களுக்கும் கணிதத்தில் நூறு புள்ளி எடுப்பவர்களுக்கும் மட்டுமே உரியது என்று எங்களில் சிலர் ஒதுங்கிப் போகிறோம். கிரேஸ் ஹொப்பர் கணிதத்தில் கலாநிதி. ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது சொற்களுக்காக. தமிழ்ப் பாடத்தில் ஒரு சொல்லின் பொருளை அலசத் தெரிந்த மாணவிக்கும், ஒரு பாடத்தைத் தங்கைக்கு விளங்கச் சொல்லத் தெரிந்த மாணவிக்கும் அந்தத் துறையில் வேலை இருக்கிறது. திரையில் எந்தச் சொல் வர வேண்டும், எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், பிழை நேர்ந்தால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று தீர்மானிப்பது இன்று ஒரு தனித் தொழில். நான் கற்க விரும்புவது அதைத்தான்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கைத்தொலைபேசியில் ஏதாவது விளங்காமல் போனால் உங்களை நொந்துகொள்ளாதீர்கள். எந்த இடத்தில் விளங்கவில்லை, எந்தச் சொல் குழப்பியது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நாங்கள் அவசரப்பட்டு கைத்தொலைபேசியை வாங்கி நாங்களே செய்து தந்துவிடாமல், பக்கத்தில் இருந்து பார்க்கப் பழக வேண்டும். நீங்கள் தடுமாறும் ஒவ்வோர் இடமும் திருத்தப்பட வேண்டிய ஓர் இடம். அதைக் குறித்து வைத்துக்கொள்ளும் மகள்களில் யாராவது ஒருத்தி நாளை அந்தத் திரையை வடிவமைக்கும் கதிரையில் இருப்பாள். அவள் ‘மீதி’ என்றே எழுதுவாள்.